ஒரு தட்டு

காக்கா மவுத்தான செய்தியைப் பேஸ்புக்கில் போட்டேன்.
எண்பத்தாறு பேர் இன்னாலில்லாஹி எழுதினார்கள்.
ஒரு ஆள் சிரித்திருந்தான்.
மஞ்சள் முகம், கண்ணை இறுக்கி, பல் தெரிய.
தொட்டுப் பார்த்தால் பேர்: பேரின்பம்.

பதினெட்டு வருஷம்
நான் ஓட்டினவன், அவன் கத்தினவன்.
கல்முனையில் ஏறினால் மட்டக்களப்பு மட்டும்
மூடாத வாய்.
மிச்சக் காசுக்கு ரொபி தந்தும்
ஏச்சு வாங்காத வாய்.

தேத்தாத்தீவுக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன்,
நாலு கேள்வி கேட்கத்தான்.
தங்கேஸ்வரி கதவைத் திறந்து
'உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?' என்றா.
மாசியில் கிணற்றடியில் விழுந்தானாம்.
வலக்கை போச்சு. பேச்சும்.
டொக்டர் ஒரு பேர் சொன்னாராம், அபேசியா.
புத்தி பழுதில்லை, எல்லாம் விளங்கும்.
எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன்:
பஸ் நிறைய ஆள் நிற்குது,
கதவு திறக்குதில்லை.

அவன் போனைத் தூக்கிக் காட்டினான்.
இடது பெருவிரல் நடுங்கி நடுங்கி
அந்த முகங்களின் வரிசையில் நடந்தது.
அழுற முகத்துக்கும் சிரிக்கிற முகத்துக்கும் இடையில்
ஒரே ஒரு முகம்தான் இருக்கு:
வாயைப் பிளந்து திகைத்த முகம்.
நான் அந்த முகத்தோடு நின்றேன்.

மறுகாதான் எனக்குப் பழையது எல்லாம் தெரிந்தது.
பஸ்காரர் வாட்ஸப் குறூப்பில்
அவன் ஒரு எழுத்தைத் தொட்டால்
போன் ஒரு சொல்லை நீட்டுமாம்.
கிடைத்த சில்லறையை வாங்கிப் போடுவதுபோல
அதை அனுப்பிவிடுவானாம்.
யாருக்கோ கால் முறிந்ததற்குக் 'கல்யாண வாழ்த்துகள்'.
டீசல் விலைக்கு 'அம்மா'.
இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்து
அட்மின் பொடியன் அவனை நடுவழியில் இறக்கிவிட்டான்.
தரிப்பு இல்லாத இடத்தில்.

நான் புதுக் குறூப் ஒன்று திறந்தேன்.
மூன்று பேர்: அவன், மனிசி, நான்.
எழுத்து வேண்டாம் என்றேன்.
அவன் படம் அனுப்பினான்:
பாதி தின்ற பிட்டு.
மாத்திரை மட்டை, இரண்டு குழி வெறுமை.
ஒருநாள் தன் வலக்கையைப் படம் எடுத்திருந்தான்,
வேறு யாருடையதோ போல.

மறுகா வொய்ஸ் வரத் தொடங்கியது.
தனியாக ஒரு ஊர்ப்பேர் சொல்ல வராது.
ஆனால் கல்முனையில் தொடங்கிவிட்டால்
நாக்கு தன்பாட்டில் உருளும்.
பாண்டிருப்பு மருதமுனை பெரியநீலாவணை
பெரியகல்லாறு கோட்டைக்கல்லாறு ஓந்தாச்சிமடம்
களுவாஞ்சிகுடி,
என்று நின்றால் நாளைக்கு கிளினிக்.
இன்னும் ஒரு தரிப்பு போய் நின்றால்
களுதாவளை, தங்கேஸ்வரியின் ஊர்.
மனிசியைக் கூப்பிட அவனுக்கு
ஒன்பது ஊர் வேணும்.
அவ அடுப்படியில் இருந்து வருவா,
ஐந்தாவது ஊரிலேயே.

சில நாள் கோட்டைக்கல்லாற்றில் அறுந்துபோகும்.
திரும்பக் கல்முனை.
திரும்ப அறுபடும்.
ஒருமுறை போனை எறிந்திருக்கிறான்;
கண்ணாடியில் வெடிப்பு,
அதுவும் எனக்குப் படமாக வந்தது.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு வொய்ஸ்.
காற்றாடிச் சத்தம். இருமல்.
கல்முனை என்று தொடங்கினான்.
களுவாஞ்சிகுடி கடந்தான். மனிசியைக் கடந்தான்.
தேத்தாத்தீவு, தன் வீட்டு வாசல், அதையும் கடந்து
மாங்காடு செட்டிபாளையம் குருக்கள்மடம்
கிரான்குளம் தாழங்குடா, மூச்சு வாங்கி,
ஆரையம்பதி
காத்தான்குடி.

என்ட ஊர்.

பிறகு பேச்சில்லை.
விரல்மொழியால் பலகையில்
டக்.

இரண்டு தட்டு என்றால் போகலாம்.
ஒன்று என்றால் நிப்பாட்டு.

கட்டிலில் கிடந்தபடியே
என் வலது கால்
பிறேக்கை மிதித்தது.